ஓடிக்கொண்டிருந்த லாரி அணைந்து நின்றால்: டீசல் வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகாதபோது எழும் கேள்விகள்

இங்கே பேசப்படுபவை 24 வோல்ட் டீசல் லாரிகள். "பழைய வண்டி" என்றால் இன்லைன் பம்ப் உள்ளது. "புது வண்டி" என்றால் காமன் ரெயிலும் ஈ.சி.யூ.வும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) உள்ளது. ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 2017க்குப் பின் வந்த பி.எஸ்.4 (புகைக் கட்டுப்பாட்டு விதி) லாரிகள் சிலவற்றிலும் இன்லைன் பம்ப்தான் இருக்கிறது. கேபினைத் தூக்கிப் பாருங்கள். ஒரு சிலிண்டருக்கு ஒரு குழாய் என்று பம்பிலிருந்தே நேராக நாசிலுக்கு (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் முனை) போனால் பழைய வகை. எல்லாக் குழாய்களும் தடித்த ஒரே இரும்புக் குழாயிலிருந்து பிரிந்தால் காமன் ரெயில். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டாம். ஏன் என்பது பின்னால் வருகிறது.

நடுரோட்டில் இன்ஜின் அணைந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

உருண்டு வரும் வேகத்திலேயே இடது ஓரத்துக்கு வந்துவிடுங்கள். பவர் ஸ்டியரிங் போய்விட்டதால் ஸ்டியரிங் கல்லாக இருக்கும். இரண்டு கையாலும் திருப்ப வேண்டும். காற்று டேங்கில் இருக்கும் காற்று சில பிரேக்குகளுக்குத்தான் வரும். மிதித்து மிதித்து விடாமல் ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்குக் கட்டை, அவசர விளக்கு, பின்னால் முக்கோணம். வண்டி ஓடிவிடாது என்று உறுதியான பிறகுதான் கேபினைத் தூக்கலாம், அடியில் போகலாம்.

அதுவரை சாவியைத் தொடாமல் இருப்பது நல்லது. பதற்றத்தில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்து, டீசல் கோளாறோடு பேட்டரிக் கோளாறையும் சேர்த்துக்கொள்வதுதான் வழக்கமாக நடப்பது.

எப்படி அணைந்தது என்பதை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியுமா?

பாதி கண்டுபிடித்துவிடலாம். மெக்கானிக்குக் கூப்பிடும்போதும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இழுவை குறைந்து, துள்ளித் துள்ளி, ஆக்ஸிலேட்டர் மிதித்தாலும் ஏறாமல் நின்றதென்றால் டீசல் வரத்தில் குறை: டீசல் வழியில் புகுந்த காற்று (ஏர்), அடைபட்ட ஃபில்டர், டேங்க் ஜல்லடை.

சுவிட்சைத் தட்டியது போல டக்கென்று நின்றதா? பழைய வண்டியில் ஸ்டாப் சொலினாய்டு (பம்பில் டீசலை நிறுத்தும் மின் கருவி), ஸ்டாப் கேபிள், பம்ப் கப்ளிங் (பம்பை இன்ஜினோடு சேர்த்துச் சுற்றவைக்கும் இணைப்பு). புது வண்டியில் ஃபியூஸ், ரிலே, கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை ஈ.சி.யூ.வுக்குச் சொல்வது), ஈ.சி.யூ.வுக்குப் போகும் ஒயர்.

கரும்புகை கக்கி அமுங்கி நின்றால் காற்று வழியையும் புகை வழியையும் பாருங்கள். இதில் பலரும் தவறவிடுவது எக்ஸாஸ்ட் பிரேக். சைலன்ஸர் வழியில் இருக்கும் அதன் தகடு மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்டால் இன்ஜின் மூச்சு முட்டி நிற்கும். ஸ்டார்ட் ஆனாலும் உடனே அணையும். பல பழைய வண்டிகளில் அந்தத் தகட்டை மூடும் அதே காற்று இன்னொரு சிறிய சிலிண்டர் வழியாக பம்பின் ஸ்டாப் லீவரையும் இழுக்கும். ஆக, எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்ச் சிக்கியிருந்தால் டீசலும் நின்றுபோகும். லீவரைக் கையால் தள்ளிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சூட்டு முள் ஏறி, இழுவை விட்டு, இறுகி நின்றிருந்தால் செல்ஃப் அடிக்கவே கூடாது. ஆறட்டும். ஆயில் குச்சியையும், ஆறிய பின் ரேடியேட்டர் தண்ணீரையும் பாருங்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

சாவி திருப்பினால் செல்ஃபே எடுக்கவில்லை. பேட்டரிதானா?

பெரும்பாலும் பேட்டரிப் பக்கம்தான், ஆனால் பேட்டரியாகவே இருக்க வேண்டியதில்லை. முதலில் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, மெயின் கட்-ஆஃப் சுவிட்ச் போட்டிருக்கிறதா, கேபின் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு மீட்டர். இரண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்ந்து, ஓய்வில் 25.2 வோல்ட் அளவில் இருந்தால் நிறைவு. 24.4க்குக் கீழே என்றால் பாதிக்கு மேல் காலி. செல்ஃப் அடிக்கும்போது மொத்தம் 19 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தாங்கவில்லை. இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள், ஒன்று 12.6, மற்றது 11.8 என்று வந்தால் அந்த 11.8தான் வண்டியையே கவிழ்க்கிறது.

வோல்ட் சரியாக இருந்தும் "டிக்" என்று மட்டும் சத்தம் வருகிறதா? மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை ஸ்டார்ட்டர் மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் கேபிளோ முனையோ கெட்டிருக்கிறது. பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே இதையே செய்தால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சேஸிக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை துருப்பிடித்து அறுந்திருப்பது மழைக்காலத்தில் சர்வசாதாரணம்.

மெதுவாகச் சுற்றுவதும் கோளாறுதான். டீசல் இன்ஜினுக்குப் பொறி கிடையாது. காற்றை அமுக்கி வரும் சூட்டில்தான் டீசல் எரிய வேண்டும். சோம்பலாகச் சுற்றினால் அந்தச் சூடு பிறக்காது.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. எங்கே தொடங்குவது?

சைலன்ஸர் வாயில். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் புகையைப் பார்க்க வேண்டும்.

புகையே இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. பத்தில் எட்டு இதுவாகத்தான் இருக்கும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை: செல்ஃப் மெதுவாகச் சுற்றுவது, டைமிங் (டீசல் பீச்சும் நேரம்), கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அமுங்கும் அழுத்தம்), டீசலில் தண்ணீர். வழக்கத்தைவிட வேகமாக, தடையில்லாமல் "விர்ர்" என்று சுற்றினால் கம்ப்ரஷன் போயிருக்கிறது. கேம் ஷாஃப்டோ டைமிங் கியரோ உடைந்திருக்கலாம். அதற்கு மேல் அடிக்காமல் பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

ஒருமுறைக்கு 10 நொடி. பிறகு இரண்டு நிமிடம் ஓய்வு. இந்தக் கணக்கை மீறினால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் ஆர்மேச்சர் கருகும்.

"ஏர் பிடித்துவிட்டது" என்கிறார்களே, அது என்ன?

டீசலை அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். பழைய வகை நாசில் திறக்க சுமார் 200 முதல் 250 பார் அழுத்தம் தேவை. பம்புக்குள் காற்றுக் குமிழ் இருந்தால், பிளஞ்சர் (பம்புக்குள் டீசலை அழுத்தும் உருளை) தள்ளும்போது குமிழ் சுருங்கி விரிகிறதே தவிர நாசில் திறக்கும் அழுத்தம் வருவதில்லை. இன்ஜின் நின்றுவிடும்.

காற்று எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். டேங்க் காலியாகியிருந்தால் காரணம் தெரிந்ததே. இல்லையென்றால், டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் சிறிய பம்ப்) வரையிலான உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். அதனால்தான் "எங்கேயும் லீக் இல்லையே அண்ணே" என்று சொல்லிக்கொண்டே வண்டி நிற்கிறது.

பழைய வண்டியில் ஏர் எடுப்பது எப்படி?

டேங்கில் டீசல் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள், முள்ளை நம்பாதீர்கள். பம்பின் பக்கவாட்டில் ஃபீட் பம்ப் இருக்கும். அதன் தலையில் உள்ள கைப்பம்பை இடதுபுறம் திருகினால் அதன் கைப்பிடி மேலே எழும்பும்.

ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரை, பிறகு குமிழோடு டீசல், பிறகு சுத்தமான டீசல் வரும். சுத்தமாக வரும்போதே, அடிப்பதை நிறுத்தாமல் ஸ்க்ரூவை இறுக்குங்கள். நிறுத்திவிட்டு இறுக்கினால் கடைசிக் குமிழ் உள்ளேயே தங்கும். இரண்டு ஃபில்டர் இருந்தால் முதலாவது, பிறகு இரண்டாவது. அதன்பின் இதையே பெரிய பம்பின் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவில் செய்யுங்கள்.

இப்போது நாசில் பக்கத்து நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நட்டிலும் டீசல் துள்ளி வந்ததும் இறுக்கிவிடலாம். கடைசியில் கைப்பம்பின் கைப்பிடியை அழுத்தித் திருகி மூடுங்கள். இதை மறந்து வண்டியை எடுத்து, அந்த வழியாகவே மறுபடி காற்று பிடித்து நிற்பவர்கள் உண்டு.

கைப்பம்பு அடிக்கும்போது கையே ஒரு கருவி. கைப்பிடியை மேலே இழுப்பது கடினமாக இருந்து, விட்டதும் அது தானாக உள்ளே இழுக்கப்பட்டால் டேங்க் பக்கம் அடைப்பு. இழுப்பதும் அமுக்குவதும் இரண்டுமே பஞ்சு போல இருந்து, 40 அடி அடித்தும் இறுகவில்லை என்றால் காற்று உறிஞ்சுகிறது அல்லது ஃபீட் பம்ப் வால்வு உட்காரவில்லை. ஸ்க்ரூ திறந்திருக்கும்போதே அமுக்குவது கடினமாக இருந்தால் ஃபில்டர் அடைப்பு.

ஏர் எடுத்து ஐந்து கிலோமீட்டர் ஓடியது, திரும்ப நின்றுவிட்டது. திரும்ப ஏர் எடுத்தால் ஓடுகிறது. என்ன செய்ய?

திரும்பத் திரும்ப ஏர் எடுப்பது வைத்தியமாகாது. இங்கே வேண்டியது 5 லிட்டர் கேனும், மூன்றடி டிரான்ஸ்பரன்ட் ஹோஸும். ஃபீட் பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் ஹோஸை மாட்டி, மறுமுனையைக் கேனில் உள்ள சுத்தமான டீசலில் விடுங்கள். ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓடவிடுங்கள். நிற்காமல் ஓடினால் இன்ஜின், பம்ப், ஃபில்டர் எதுவுமே குற்றவாளி இல்லை, டேங்கும் குழாயும்தான். கேனிலிருந்தும் நின்றால் ஃபீட் பம்ப், ஃபில்டர் பக்கம் தேடுங்கள்.

டேங்க் பக்கம் என்று தெரிந்துவிட்டால் அதே ஹோஸை ஃபீட் பம்புக்கு முன்னால் டேங்க் குழாயோடு இணைத்து ஓட்டிப் பாருங்கள். குமிழ் ஓடினால் காற்று உறிஞ்சுகிறது. பாஞ்சோ போல்ட்டின் (டீசல் குழாய் முனையை இணைக்கும், உள்ளே துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை உட்காராது. புதியது கிடைக்காத இடத்தில், பழையதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டுத் தேய்த்துப் போட்டால் பட்டறை வரை தாங்கும். அடுத்து ரப்பர் ஹோஸின் கிளிப் முனையில் வெடிப்பு, கிளாம்ப் உரசித் தேய்ந்த இரும்புக் குழாய், டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சுகுழாயின் மேல்பகுதியில் விரிசல். இந்தக் கடைசிக் கோளாறு டேங்க் நிறைந்திருக்கும்போது வராது, பாதிக்குக் கீழே இறங்கியதும் வரும்.

குமிழே இல்லை, ஆனால் ஹோஸ் சப்பையாக நசுங்குகிறதா? அடைப்பு. உறிஞ்சுகுழாயின் அடியில் உள்ள ஜல்லடையைக் கழற்றுங்கள். பனியன் வேஸ்ட் நூல், டெஃப்ளான் டேப், டேங்க் மூடியின் ரப்பர்த் துண்டு, கறுப்புக் கூழ் எல்லாம் அதில் கிடைக்கும். இந்தக் கோளாறின் அடையாளம் தனி: வண்டி நிற்கும், பத்து நிமிடம் கழித்து ஒன்றும் செய்யாமலே ஸ்டார்ட் ஆகும். உறிஞ்சல் நின்றதும் அழுக்கு கீழே படிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இதே மாதிரி ஏமாற்றும்: டேங்க் மூடியின் மூச்சுத்துளை அடைபடுவது. நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே போனால் விடை கிடைத்துவிட்டது. துளையைக் குத்திச் சுத்தம் செய்தால் போதும்.

சமதளத்தில் ஓடுகிறது, ஏற்றத்தில் மட்டும் நிற்கிறது?

ஏற்றத்தில் லோடோடு ஏறும்போது டீசல் தேவை பல மடங்கு. பாதி அடைபட்ட ஃபில்டர் சமதளத்துக்குப் போதும்; திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுக்குப் போதாது. ஃபில்டரை மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை. டேங்கில் டீசல் குறைவாக இருந்தால் சாய்வில் உறிஞ்சுகுழாயின் வாய் டீசலுக்கு மேலே வந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஃபில்டரில் தண்ணீர் இருந்தால்?

செபரேட்டர் (தண்ணீரைப் பிரிக்கும் பகுதி) கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாகப் பிரியும். அரை டம்ளர் வந்தால் வடித்துவிட்டு ஏர் எடுத்து ஓட்டலாம். வந்துகொண்டே இருந்தால் டேங்கின் அடித் திருகைத் திறந்து வடிக்க வேண்டும். கடைசியாக டீசல் அடித்த பங்க் பில்லையும், பாட்டிலில் பிடித்ததையும் பத்திரமாக வைத்திருங்கள். அவை இல்லாமல் புகார் நிற்காது.

ஃபில்டரைப் புதிதாகப் போடும்போது திறந்த கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பும் பழக்கம் உண்டு. பழைய வண்டியில் தப்பிக்கலாம். காமன் ரெயிலில் அந்த டீசல் வடிகட்டப்படாமலே பம்புக்குப் போகும். காலியாக மாட்டிக் கைப்பம்பால் நிரப்புங்கள்.

பம்ப் வரை டீசல் வருகிறது, நாசிலுக்கு வரவில்லை.

பம்பின் ஸ்டாப் லீவர் முழுதாகத் திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் துருப்பிடித்து "ஸ்டாப்" நிலையிலேயே நின்றிருந்தால், கையால் தள்ளியதும் வண்டி எடுத்துவிடும். சொலினாய்டு உள்ள வண்டியில், சாவி போட்டதும் "டக்" சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் 24 வோல்ட் டெஸ்ட் பல்பை அதன் ஒயரில் வையுங்கள். பல்பு எரிந்தால் சொலினாய்டு போயிற்று; எரியாவிட்டால் ஃபியூஸ் அல்லது ஒயர்.

இரண்டும் சரி என்றால் செல்ஃப் அடிக்கும்போது பம்ப் கப்ளிங் சுற்றுகிறதா பாருங்கள். அடுக்குத் தகடுகள் கிழிந்தோ போல்ட் அறுந்தோ போயிருந்தால் இன்ஜின் சுற்றும், பம்ப் சும்மா இருக்கும். தகடு மாற்றினால் மட்டும் போதாது, பம்ப் டைமிங்கை மறுபடி வைக்க வேண்டும்.

காமன் ரெயில் வண்டியில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கலாமா?

கூடாது. எக்காரணம் கொண்டும் கூடாது. ஓடும்போது ரெயிலில் 1,600 பாருக்கு மேலும் போகும். செல்ஃப் அடிக்கும்போதே சில நூறு பார் வந்துவிடும். ஊசி முனை அளவு பீச்சல் தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. சில மணி நேரத்தில் விரலையோ கையையோ எடுக்கும் நிலை வரலாம். அப்படிப் பட்டால் கட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டாமல், "அதிக அழுத்த டீசல் ஏறிவிட்டது" என்று சொல்லி உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தாழ் அழுத்தப் பக்கத்தில் மட்டும் ஏர் எடுக்கலாம். முதல் ஃபில்டர் தலையில் உள்ள கைப்பம்பை, கல்லாக இறுகும் வரை அடியுங்கள். டேங்க் காலியாகி நின்றிருந்தால் நூறு அடிக்கு மேலும் ஆகும். பிறகு 10 நொடி செல்ஃப். ரெயில் அழுத்தம் சுமார் 200 பாரைத் தொடாதவரை ஈ.சி.யூ. நாசிலைத் திறக்கவே விடாது. வண்டிக்கு வண்டி இந்த அளவு மாறும். ஸ்கேனர் இருந்தால் செல்ஃப் அடிக்கும்போது இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் டீசல் வரத்து, மீட்டரிங் வால்வு (பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்துவது), அல்லது ஏதோ ஒரு நாசிலின் ரிட்டர்ன் (மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் குழாய்) வழியாக டீசல் ஒழுகுவது. எல்லா நாசில் ரிட்டர்னையும் தனித்தனி பாட்டிலில் பிடித்தால், மற்றவற்றைவிட மிக அதிகமாக நிரம்பும் பாட்டில் குற்றவாளியைக் காட்டும்.

இவ்வகை வண்டியில் டேங்கைக் காயவிடாதீர்கள். அதிக அழுத்த பம்புக்கு டீசலேதான் எண்ணெய். காய்ந்து ஓடினால் தேய்ந்த இரும்புத்தூள் நாசில் வரை போகும்.

சூடானால் அணைகிறது, ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது.

புது வண்டியில் கிராங்க் சென்சார். செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் கொஞ்சமாவது அசைய வேண்டும்; பல வண்டிகளில் அது செத்துக் கிடப்பதே சென்சார் போனதன் அடையாளம். சென்சாரை மாற்றும் முன் அதன் ஒயர் எங்காவது சைலன்ஸரில் உரசி உருகியிருக்கிறதா என்று பாருங்கள், அது செலவில்லாத வேலை. பழைய வண்டியில் இதே கோளாறு என்றால் பம்ப் எலிமென்ட் (பிளஞ்சரும் அதன் உறையும்) தேய்ந்திருக்கும்: சூட்டில் டீசல் மெலிந்து, தேய்ந்த இடைவெளியில் நழுவிவிடும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டதும் ஸ்டார்ட் ஆனால் சந்தேகமே வேண்டாம், பம்ப் சர்வீஸ்.

யூரியா தீர்ந்தால் வண்டி நின்றுவிடுமா?

புகையைச் சுத்தப்படுத்த தனி டேங்கில் ஊற்றும் யூரியாக் கரைசல் தீர்ந்தால், ஓடும்போது திடீரென அணையாது. எச்சரிக்கை கொடுத்து இழுவையைக் குறைக்கும். உண்மையான ஆபத்து, யூரியாக் கரைசலை டீசல் டேங்கில் ஊற்றிவிடுவது. அது 32.5 சதவீத யூரியா, மிச்சம் தண்ணீர். தெரிந்தவுடன் சாவியே போடாமல் டேங்கை முழுதாக வடித்துக் கழுவ வேண்டும். சாவி போட்டு ஓட்டிவிட்டால் பம்ப், ரெயில், நாசில் எல்லாமே செலவு.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? காற்று வழியில் பெட்ரோல் விடலாமா?

பழைய வண்டியைத் தள்ளலாம், இறக்கத்தில் விடலாம், காற்று அழுத்தம் இருந்தால் மட்டும். காற்றில்லாமல் இறக்கத்தில் விட்டால் கால் பிரேக் இருக்காது. புது வண்டியில் பேட்டரி அடியோடு காலியென்றால் தள்ளியும் பயனில்லை, ஈ.சி.யூ. விழிக்காது. பெட்ரோல், ஸ்டார்ட் ஸ்ப்ரே இரண்டும் வேண்டாம். நேரம் தப்பி வெடித்து பிஸ்டனையும் ரிங்கையும் உடைக்கும். காற்று வழியில் ஹீட்டர் உள்ள வண்டியில் தீயே பிடிக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி?

செல்ஃப் அடிக்காதீர்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம், ஒரு சுற்றிலேயே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நாசில்களைக் கழற்றி, ஃபிளைவீலைக் கம்பியால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகே ஸ்டார்ட்.

காஷ்மீர் லோடு போன வண்டி காலையில் எடுக்கவில்லை. டீசல் உறைந்ததா?

மெழுகு பிரிந்து ஃபில்டரை அடைத்திருக்கும். நம் ஊரில் அடித்த டீசலை டேங்கில் வைத்துக்கொண்டு அங்கே இரவு நிறுத்துவதால் வருவது இது. ஃபில்டரில் வெந்நீர்த் துணி சுற்றி, வெயில் ஏறும்வரை காத்திருங்கள். டேங்கின் அடியில் நெருப்பு மூட்டுவது வேண்டாம். மலைக்கு ஏறும் முன் அங்குள்ள பங்கில் குளிர்கால டீசல் நிரப்பிக்கொள்ளுங்கள். லடாக்கில் இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்த குளிர்கால டீசல் மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மை இழக்காதது. மண்ணெண்ணெய் கலப்பது பழைய வண்டிக்காரர்களின் வழி. காமன் ரெயில் பம்பை அது தின்றுவிடும்.

கட்டி இழுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பிராப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடுங்கள். இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் தெறிக்காது; சக்கரம் மட்டும் சுற்றினால் பேரிங் காயும். காற்று இல்லாமல் ஸ்பிரிங் பிரேக் (காற்று இறங்கினால் தானாகப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக்) பிடித்திருந்தால், இழுக்கும் வண்டியிலிருந்து காற்று கொடுங்கள்.

கேபினில் என்னென்ன வைத்திருக்க வேண்டும்?

முதல், இரண்டாம் டீசல் ஃபில்டர் ஒரு செட், செம்பு வாஷர் பத்து, மூன்றடி டிரான்ஸ்பரன்ட் ஹோஸும் நான்கு கிளிப்பும், மூடியுள்ள 5 லிட்டர் கேன், 24 வோல்ட் டெஸ்ட் பல்பு அல்லது மீட்டர், வண்டிக்குரிய ஃபியூஸும் ஒரு ரிலேயும், 10 முதல் 24 வரை ஸ்பேனர், டார்ச், இரண்டு கட்டை. வேஸ்ட் துணியைத் தனிப் பையில் வையுங்கள். அதன் நூல்தான் ஜல்லடையில் போய் உட்காருகிறது.